முந்நூற்று நாற்பது எஸ்தோனியர்கள்

எங்கள் ஊர் பணக்கார ஊராகிவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் பஸ் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. மூக்குக்குள் இருக்கிற முடியெல்லாம் விறைத்துக் குத்துகிற குளிர். நகரமன்றத்திலிருந்து போன்.

"மார்லா, சந்தோஷமான சேதி. நம்ம ஊர் வருமானம் முப்பத்தோரு சதவீதம் ஏறிடுச்சு!"

"அப்படியா? என் சம்பளம் ஏறலையே?"

"அதான் சொல்ல வரேன். மார்ச் ஒண்ணாந்தேதியிலேர்ந்து உன் பஸ் கிடையாது."

ஆல்டர் ஃபால்ஸ் என்ற பெயரைக் கேட்டு யாரும் அருவியைத் தேடி வரவேண்டாம். அருவி கிடையாது. மினசோட்டாவின் நடுவில் ஒரு ஏரி, ஒரு கடைத்தெரு, மூன்று லூத்தரன் தேவாலயங்கள், மூடிக்கிடக்கிற ஒரு வான்கோழி இறைச்சி ஆலை. இவற்றுக்கெல்லாம் நடுவே பன்னிரண்டு சீட்டுள்ள ஒரு மினி பஸ். அதைப் பதினோரு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். கார் ஓட்ட முடியாதவர்களை மருத்துவமனைக்கும் மளிகைக்கடைக்கும் கூட்டிப்போவேன். ஏழை ஊர்களுக்கு மாநில அரசு தரும் உதவியில் ஓடுகிற பஸ் அது. ஊர் பணக்கார ஊராகிவிட்டால் உதவி நின்றுவிடும்; அப்புறம் பஸ்ஸை நிறுத்த நகரமன்றத்தில் ஒரு ஓட்டெடுப்பு நடத்தினால் போதும். ஊரில் யாராவது பணக்காரராகியிருக்கிறார்களா என்று எவனும் கேட்கமாட்டான்.

எனக்கு வேறு வேலை கிடைத்துவிடும். பள்ளிக்கூட பஸ் ஓட்ட ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். எனக்குக் கவலை வெண்டல் காஸ்க்கை நினைத்துத்தான்.

வெண்டலுக்கு எழுபத்தெட்டு வயது. கண் மங்கி லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். அவர் மனைவி ஆர்லிஸ் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோய், நாலு மைல் தள்ளி பைன்வியூ முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். நர்ஸ்கள் ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். வெண்டல் ஊட்டினால்தான் தட்டு காலியாகும். தினமும் பதினொன்றே கால் மணிக்கு, காதை மூடும் தொப்பியோடு வெண்டல் என் பஸ்ஸில் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமைகூட. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடக்கூடாது என்பது விதி. நான் அதைப் படித்ததில்லை.

அந்த வாரமே நகரமன்றத்தில் "மக்கள்தொகை, பன்முகத்தன்மை, வருமானப் போக்கு அறிக்கை" வெளியீட்டு விழா. நானும் வெண்டலும் போனோம். மேயர் கோர்டி பிராண்ட்வால்ட் கம்பளக்கடை வைத்திருப்பவர். அதனால் மேடைக்குக் கம்பளம் விரித்திருந்தார், விலைச்சீட்டோடு.

"நண்பர்களே! அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நாம ஏழாயிரத்து நூறு பேரு. இன்னைக்கு ஆறாயிரத்து நானூறு. ஆலையை மூடினதும் எழுநூறு பேரு ஊரைவிட்டுப் போயிட்டாங்க. போனவங்க எல்லாம் குறைஞ்ச சம்பளக்காரங்க. அவங்க போனதும் மிச்சம் இருக்கிற நம்ம வருமானம் தானா ஏறிடுச்சு. ஒரு விரலைக்கூட அசைக்காம முன்னேறியிருக்கோம்!"

கைதட்டல்.

"இன்னும் ஒரு ஐந்நூறு ஏழைங்க மனசு வெச்சாங்கன்னா, மாவட்டத்துலயே நாமதான் முதலிடம்!"

பலத்த கைதட்டல். பின்வரிசையில் தட்டியவர்களில் பாதிப்பேர் அந்த ஐந்நூறில் அடக்கம். அது அவர்களுக்குத் தெரியவில்லை.

பிறகு பேஜ் என்ற பெண் வந்தாள். நகரமன்றம் பெருநகரத்திலிருந்து வரவழைத்த பன்முகத்தன்மை அலுவலர். நல்ல பெண்தான். கையில் ஒரு பொத்தான் வைத்திருந்தாள். அதை அழுத்தினால் திரையில் வட்டம் வரும், வட்டம் கூறு கூறாகப் பிரியும்.

"எல்லாரையும் கேக்க முடியாதில்லையா? அதனால சில வீட்டுக்குத்தான் படிவம் போகும். நிரப்பி அனுப்பினவங்க, அனுப்பாதவங்களுக்கும் சேர்த்துப் பேசறாங்க. ஒருத்தர் பல பேரா நிக்கிறார். அழகான விஷயம் இல்லையா?"

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. லூப்பே. வங்கிக்கு எதிரே டாக்கோ கடை நடத்துகிறவள்.

"மேடம், நான் பதினாலு வருஷமா இங்க இருக்கேன். நான், என் புருஷன், மூணு புள்ளைங்க, என் தம்பி குடும்பம். உங்க வட்டத்துல மெக்சிகோக்காரங்க பூஜ்யம்னு போட்டிருக்கே?"

"ரொம்ப நல்ல கேள்வி! பூஜ்யம்னா நீங்க இல்லேன்னு அர்த்தம் இல்ல. உங்களைக் கண்டுபிடிக்கலேன்னு அர்த்தம்."

"கண்டுபிடிக்கலையா? நேத்து என் கடையில உக்காந்து நாலு டாக்கோ தின்னீங்களே!"

"அது புள்ளிவிவரம் இல்லம்மா," என்றாள் பேஜ் கனிவாக. "அது மதியச் சாப்பாடு."

லூப்பே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன்.

பேஜ் பொத்தானை அழுத்தினாள். வட்டத்தில் பளிச்சென்று ஒரு நீலத்துண்டு. "இப்போ பெரிய ஆச்சரியம். நம்ம ஊர்ல வேகமா வளர்ந்துவர்ற சமூகம் எஸ்தோனியர்கள். முந்நூத்தி நாப்பது பேர்! அதுல ஒரு முந்நூத்தி முப்பத்தொம்பது கூடலாம், குறையலாம்."

எனக்குக் கணக்கு வராது. ஆனால் என் பஸ்ஸில் பன்னிரண்டு சீட், அதில் பதினொன்று கூடலாம், குறையலாம் என்று நான் எழுதிக்கொடுத்திருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

வெண்டல் என் முழங்கையைப் பிடித்தார்.

"மார்லா! நான் எஸ்தோனியன். எங்க தாத்தாவோட அப்பா அங்கேர்ந்து கப்பல் ஏறி வந்தவர். இந்த ஊர்ல எல்லாப் பயலும் நார்வேக்காரன், ஜெர்மன்காரன். எழுபத்தெட்டு வருஷமா நான் ஒருத்தன்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இன்னும் முந்நூத்தி முப்பத்தொம்பது பேர் இருந்திருக்கானுங்க! ஒருத்தன், ஒரே ஒருத்தன் வாயைத் திறந்து சொல்லலியே!"

மறுநாள் முதல் அவர் தேட ஆரம்பித்தார். பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் குனிந்து, "நீங்க எஸ்தோனியரா? பயப்படாம சொல்லுங்க" என்று கேட்டார். மளிகைக்கடைப் பலகையில் "எஸ்தோனியர்கள் என்னை அழைக்கவும்" என்று எழுதி ஒட்டினார். ஒரே ஒரு போன் வந்தது. யாரோ பழைய சோபா விற்கிறார்களாம். மனிதர் மனம் விட்டுப்போகாமல் அதைப்பற்றியும் விசாரித்திருக்கிறார், சோபாக்காரர் எஸ்தோனியரா என்று.

மர்மம் உடைந்தது பைன்வியூவின் சாப்பாட்டு மேசையில். நான் காபி குடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆர்லிஸ் முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையை ஆண்டவள். வலது கைதான் விழுந்ததே தவிர நாக்கு விழவில்லை.

"முந்நூத்தி நாப்பது எஸ்தோனியனுங்களா? கடவுளே! ஒருத்தனைக் கட்டிக்கிட்டே ஐம்பத்திநாலு வருஷமா படாத பாடு படறேன்."

"கிண்டல் பண்ணாத. எங்கேயோ இருக்கானுங்க."

"யோவ் வெண்டல், போன வருஷம் ஒரு படிவம் வந்துச்சே, இதே மேசையில வெச்சு நிரப்பினியே? மேல குழம்பைக் கொட்டிட்டு துடைச்சியே?"

"ஆமா."

"பூர்வீகம் எதுன்னு ஒரு கேள்வி இருந்துச்சில்ல? என்ன எழுதின?"

வெண்டலின் கையில் இருந்த ஸ்பூன் பாதி வழியில் நின்றது. ஆர்லிஸ் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். பிறகு பொறுமை போய், "சாப்பாட்டை வாயில போட்டுட்டு அப்புறம் அதிர்ச்சி ஆகு" என்றாள்.

வெண்டல் நேர்மையான ஆள். மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு பேஜிடம் போனார். "அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தப் படிவத்தை நிரப்பினது நான்..."

பேஜ் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள். "சொல்லாதீங்க! யார் நிரப்பினாங்கங்கறது ரகசியம்! நான் கேக்கக்கூடாது!"

"இல்லம்மா, முந்நூத்தி நாப்பது பேரும் நான்தான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு உரக்க முனகினாள், கிறிஸ்துமஸ் பாட்டு. நாங்கள் வெளியே வரும்வரை நிறுத்தவில்லை. மறுநாள் அவளிடமிருந்து கடிதம்: "எஸ்தோனியர்கள் அனைவரின் சார்பிலும் பேசுவதாக நீங்கள் கூறியது உள்ளத்தைத் தொட்டது. தங்களைச் சமூகப் பிரதிநிதியாக நியமிக்கிறோம்."

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூட உள்ளரங்கத்தில் எஸ்தோனியப் பெருவிழா. மாநில அரசின் பன்முகத்தன்மை மானியம் வந்திருந்தது. முந்நூற்று நாற்பது நாற்காலி. முந்நூற்று நாற்பது துண்டு கருப்பு ரொட்டி. எஸ்தோனிய மொழியில் ஒரு பெரிய வரவேற்புப் பலகை. அதில் எழுதியிருப்பது சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தேவாலயப் பெண்கள் எந்த விழாவுக்கும் செய்கிற உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷையே செய்து, "எஸ்தோனிய ஹாட்டிஷ்" என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

நாற்காலிகளின் நட்டநடுவில் வெண்டல் மட்டும் உட்கார்ந்திருந்தார். தொப்பியை மடியில் வைத்திருந்தார். எங்களைப் போன்றவர்களுக்குச் சுவரோரம்தான் இடம். உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாம்.

"கூச்ச சுபாவம் உள்ள சமூகம்," என்று பேஜ் மைக்கில் விளக்கினாள். "நாம அவங்களை அவசரப்படுத்தக்கூடாது."

மேயர் மேடையேறினார். முந்நூற்று முப்பத்தொன்பது காலி நாற்காலிகளைப் பார்த்துக் கையசைத்தார். "எஸ்தோனியச் சொந்தங்களே! உங்களைக் கேக்காம இந்த ஊர்ல இனி ஒரு துரும்பு அசையாது. நேத்து சட்டமே போட்டாச்சு. முந்நூறு பேருக்கு மேல இருக்கிற எந்தச் சமூகத்தையும் பாதிக்கிற முடிவா இருந்தா, அதுல ஒவ்வொருத்தரும் மூணு நிமிஷம் பேசினப்புறம்தான் ஓட்டெடுப்பு. ஒவ்வொருத்தரும்! இது கோர்டி பிராண்ட்வால்டோட வாக்கு!"

நாற்காலிகள் அமைதியாகக் கேட்டுக்கொண்டன. வெண்டல் மட்டும் கை தட்டினார், பழக்கதோஷம்.

நான் இதை ஆர்லிஸிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"மார்லா பொண்ணு, பஸ்ஸை நிறுத்தற ஓட்டு எப்போ?"

"வர்ற சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு. மேயருக்கு மத்தியானம் பன்னெண்டுக்கு உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற போட்டியாம். போன வருஷம் அவர்தானே முதல் பரிசு? அதனால சீக்கிரம் முடிச்சுடுவாங்க."

"முந்நூத்தி நாப்பது தடவை மூணு நிமிஷம். எத்தனை மணி நேரம்?"

நான் போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். "பதினேழு."

ஆர்லிஸ் இடது கையால் வெண்டலின் சட்டைக் காலரை நேராக்கினாள். "கோர்டிக்கு நான் பன்னெண்டு வருஷம் சோறு போட்டிருக்கேன். மீன்னா அவனுக்கு உசிரு. நீ தொண்டைக்கு மாத்திரை எடுத்துக்கிட்டுப் போ."

சனிக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. மேயர் உள்ளே மீன்பிடிக் கால்சட்டை போட்டு மேலே கோட்டு அணிந்திருந்தார். பேசுகிறவர்களுக்கு மைக்கின் பக்கத்தில் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் என்றால் முடிக்கவேண்டும், சிவப்பு என்றால் உட்காரவேண்டும். முதலில் பெயரும் முகவரியும் சொல்லியாக வேண்டும்.

"வெண்டல் காஸ்க். பதினேழு, ஆஷ் தெரு. திங்கக்கிழமை பைன்வியூல பட்டாணி போடுவாங்க. என் சம்சாரம் பட்டாணியத் தொடமாட்டா. முப்பது வருஷமா ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் பட்டாணி போட்டவ, அவளுக்குப் பட்டாணி ஆகாது. நான் ஒண்ணொண்ணாப் பொறுக்கி எடுப்பேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. விரலால தடவித் தடவி எடுப்பேன்..."

சிவப்பு. உட்கார்ந்தார்.

"நன்றி. அடுத்தவர்?" என்றாள் பேஜ்.

வெண்டல் எழுந்து மைக்குக்கு வந்தார். "வெண்டல் காஸ்க். பதினேழு, ஆஷ் தெரு. செவ்வாய்க்கிழமை ஹாட்டிஷ். சூடா இருக்கும். ஊதணும். ரொம்ப ஊதினா ஆறிப்போச்சுன்னு திட்டுவா..."

"ஐயா, நீங்க இப்பத்தானே பேசினீங்க?"

"அது முதல் எஸ்தோனியன். நான் ரெண்டாவது."

மன்றத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். மேயர் பேஜை நோக்கிக் குனிந்தார். அவர் மைக் அணைக்கப்படவில்லை. அதனால் மொத்த ஊரும் கேட்டது.

"இவன் ஒரே ஆளுன்னு எழுதித் தள்ளிட்டா என்ன?"

"அப்போ எஸ்தோனியர் கணக்கு தப்புன்னு ஆகும்."

"ஆகட்டுமே."

"அதே அறிக்கையிலதான் முப்பத்தோரு சதவீதமும் இருக்கு. அதுவும் தப்புன்னா நாம மறுபடியும் ஏழை ஊர். பஸ்ஸுக்கான உதவியும் திரும்ப வந்துடும்."

"ஐயோ! 'மாவட்டத்தின் ஐந்தாவது பணக்கார ஊர்'னு நெடுஞ்சாலையில பலகை வெச்சுட்டேனே! அந்த மானியத்தையும் திருப்பிக் கேப்பானுங்களா?"

"நாற்காலி உட்பட."

மேயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எஸ்தோனியர் தொடரலாம்," என்றார்.

மூன்றாவது எஸ்தோனியர் புதன்கிழமையைப் பற்றிப் பேசினார். கண்ணாடியை மறந்துபோன அன்று ஸ்பூனை ஆர்லிஸின் மூக்கில் வைத்துவிட்டாராம். நான்காவது எஸ்தோனியர் வியாழக்கிழமை ஜெல்லியைப் பற்றி. ஐந்தாவது எஸ்தோனியருக்குத் தொண்டை கட்டியது. தண்ணீர் குடித்தார். ஏழாவது எஸ்தோனியர், ஆர்லிஸுக்குப் பக்கவாதம் வந்த அன்று அடுப்பில் இருந்த காபியைப் பற்றிச் சொன்னார். சிவப்பு எரிந்தபிறகும் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். பதினோரு வருடமாக என் பஸ்ஸில் வருகிற மனிதர், இதில் ஒரு வார்த்தையை என்னிடம் சொன்னதில்லை.

பதினோரு மணிக்கு லூப்பே இரண்டு பெரிய தட்டு நிறைய டாக்கோ கொண்டுவந்து எல்லோருக்கும் விநியோகித்தாள். பேஜ் கைநீட்டியபோது தட்டைச் சற்றுப் பின்னே இழுத்துக்கொண்டாள்.

"இது மதியச் சாப்பாடு இல்ல மேடம். இது புள்ளிவிவரம். எழுதிக்கிட்டுத் தின்னுங்க."

பேஜ் எழுதிக்கொண்டாள். பசி.

பத்தொன்பதாவது எஸ்தோனியர் பேசி முடித்தபோது மணி பதினொன்றே கால். வெண்டல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"மார்லா, நேரமாச்சு. கிளம்பலாமா? ஆர்லிஸ் காத்துக்கிட்டிருப்பா."

மேயரின் முகம் மலர்ந்தது. "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க! அப்போ ஓட்டெடுப்பை..."

"மத்த முந்நூத்தி இருபத்தோரு பேரும் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்துடறோம், கோர்டி," என்றார் வெண்டல் பணிவாக. "நாங்க எல்லாரும் பேசற வரைக்கும் கூட்டம் முடியாதுன்னு சட்டம் இருக்கு. எந்திரிச்சுடாத. உக்காந்தே இரு."

மேயர் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தார். பனிமேல் வரிசையாகக் கூடாரங்கள் நின்றன. யாரோ துளை போடுகிற இயந்திரம் உறுமியது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதரின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"பஸ் ஓடும்!" என்று கத்தினார். "பன்முகத்தன்மை மானியத்திலேர்ந்து ஓடட்டும்! எல்லாரும் ஆமான்னு சொல்லுங்க! ஆச்சு! கூட்டம் முடிஞ்சுது!" கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். அந்த வருடம் அவருக்கு மூன்றாம் பரிசுதான்.

ஆனால் நகரமன்றம் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்துவிடுமா? மானியம் எஸ்தோனியர்களுக்கானது. அதனால் என் பஸ்ஸுக்கு "எஸ்தோனியச் சமூகப் போக்குவரத்து" என்று பெயர் எழுதி, எஸ்தோனியக் கொடியின் நீலம், கருப்பு, வெள்ளை அடித்தார்கள். ஏறுகிறவர் தான் எஸ்தோனியர் என்று அட்டையில் கையெழுத்துப் போடவேண்டும். முதல் நாள் நார்வேக்காரக் கிழவிகள் படியில் நின்று தயங்கினார்கள். பிறகு குளிர் அடித்த அடியில் மூதாதையரை மறந்து கையெழுத்துப் போட்டார்கள். லூப்பே குடும்பத்தோடு வந்து ஒன்பது அட்டை வாங்கினாள். "பதினாலு வருஷமா இந்த ஊர்ல நான் பூஜ்யம். எஸ்தோனியனா இருந்துட்டுப் போறேன், என்ன கெட்டுப்போச்சு?"

ஆகஸ்டில் அட்டைகளை எண்ணினார்கள். முந்நூற்று நாற்பது. பேஜ் அதை அறிக்கையாக எழுதி, துல்லியமான கணிப்புக்காக விருது வாங்கி, இன்னும் பெரிய ஊருக்கு மாற்றலாகிப் போனாள்.

ஊர் இன்னமும் மாவட்டத்தின் ஐந்தாவது பணக்கார ஊர்தான். பலகை இருக்கிறது. ஆலை மூடியே கிடக்கிறது. பதினொன்றே காலுக்கு வெண்டல் ஏறுகிறார்.

போன திங்கட்கிழமை நானும் கூடவே உள்ளே போனேன். பட்டாணி போட்டிருந்தார்கள். வெண்டல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டில் விரலால் தடவித் தடவி ஒன்றொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார். ஆர்லிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எத்தனை பேருய்யா வந்திருக்கீங்க?"

வெண்டல் ஸ்பூனை ஊதினார்.

"எல்லாரும் வந்துட்டோம், ஆர்லிஸ். வாயைத் திற."